தையல் பிரிச்சாச்சு... மனசை யார் பார்ப்பது?

தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறோம். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆப்பிள். வாசலிலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். "தையல் பிரிச்சாச்சா?" "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்களா?" "கை, கால் நல்லா அசையுதில்ல?" எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால், "அப்புறமென்ன... பெரிய கண்டம் தாண்டியாச்சு!" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

"ராத்திரி தூங்குறாரா? முன்ன மாதிரி சிரிக்கிறாரா? எதுக்காவது பயப்படுறாரா?" இப்படி யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சொந்தக்காரர்கள்தான் கேட்பதில்லை என்றால், பல நேரங்களில் ஆஸ்பத்திரியிலும் கேட்பதில்லை. என் ஆதங்கமே இதுதான்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்களுக்குத் தலைக்காயம் ஒன்றும் புதிதல்ல. சேலம் - உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர், மரவள்ளிக்கிழங்கு லாரி, வெளியூர் பஸ், இவற்றுக்கு நடுவே மூன்று பேரைச் சுமந்துகொண்டு ஒரு பைக். ஹெல்மெட்? அது சொகுசாக பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வரும்! கல்வராயன் மலைமேல் போனால் கதை கொஞ்சம் வேறு. அங்கே வளைவு நெளிவான பாதை ஒரு பக்கம், புளி உலுக்கவும் கடுக்காய் பறிக்கவும் மரமேறித் தவறி விழுவது இன்னொரு பக்கம். இவை போதாதென்று, எல்லா ஊரிலும் பாத்ரூமில் வழுக்கி விழும் தாத்தா பாட்டிகள்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ஆய்வுகள் ஒரு கணக்குச் சொல்கின்றன. நம் நாட்டில் மூளைக்கு ஏற்படும் காயங்களில் சுமார் 60 சதவிகிதம் சாலை விபத்தால். 20 முதல் 25 சதவிகிதம் விழுவதால். சுமார் 10 சதவிகிதம் அடிதடியால். அந்தப் பத்தில் வீட்டுக்குள் வாங்கிய அடியும் உண்டு. புருஷன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதிய பெண், டாக்டரிடம் "படியில விழுந்துட்டேன்"னுதான் சொல்வாள். அவளுக்குப் பின்னாளில் வரும் அழுகையையும் பயத்தையும் தலையில் பட்ட அடியோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

'ஆளே மாறிட்டாரு!'

ஹார்லிக்ஸ் பாட்டிலெல்லாம் தீர்ந்து, விசாரிக்க வந்தவர்களும் நின்றுபோன பிறகு, மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இது ஏதோ ஒரு வீட்டின் கதையல்ல. அடிபட்டவர் இருக்கும் எத்தனையோ வீடுகளில் கேட்கும் பேச்சு இது.

"முன்னெல்லாம் புள்ளைங்க மேல ஏறி விளையாடினாலும் சிரிப்பாரு. இப்ப டம்ளர் கீழ விழுந்தா போதும், கத்துறாரு. கத்தி முடிச்சுட்டு அழுவுறாரு."

"வேலைக்குப் போறேன்னு கிளம்புறாரு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடறாரு. கேட்டா பதில் இல்ல."

"தம்பி ராத்திரி பூரா முழிச்சிட்டு இருக்கான். லாரி ஹாரன் கேட்டா உடம்பு வேர்த்துப் போயிடுது."

இதற்கு வீட்டில் என்ன பெயர் வைப்பார்கள்? திமிர். சோம்பேறித்தனம். "நஷ்டஈடு கேஸ் நடக்குதில்ல, அதுக்காக நடிக்கிறான்." இன்னும் கொஞ்சம் நாள் போனால், "விழுந்த இடத்துல ஏதோ காத்து கருப்பு புடிச்சிடுச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். மந்திரித்துவிட்டு வரட்டும், கயிறு கட்டிக்கொள்ளட்டும். நான் அதற்கெல்லாம் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதற்காக மாதக்கணக்கில் டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

குடிகாரன் என்ற பட்டம் இன்னும் மோசம். மூளையில் அடிபட்டவருக்கு நடை தள்ளாடலாம், நாக்கு குழறலாம். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது போதையாகவே தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில், அதிலும் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு ஆள் ரோட்டில் தள்ளாடி நடந்தால் யார் கிட்டே போய் விசாரிப்பார்கள்? 'கல்வராயன் மலை' என்றதும் சாராயத்தை மட்டுமே நினைக்கும் வழக்கம் கீழே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே உண்டு.

சினிமாவையும் சும்மா விடமுடியாது. 'மூன்றாம் பிறை'யிலிருந்து 'கஜினி' வரை, தலையில் அடிபட்டால் மறதி வரும் என்பதை நமக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மறதி வருவது உண்மைதான். ஆனால் நடைமுறையில் குடும்பத்தைப் பிரித்துப் போடுவது மறதி மட்டுமல்ல. எரிச்சல், பதற்றம், எதிலும் பிடிப்பில்லாத சோர்வு, இதெல்லாம்தான். அதை எந்த ஹீரோ நடித்துக் காட்டினார்?

ஸ்கேனில் தெரியாத அடி

உள்ளே என்னதான் நடக்கிறது? மண்டை ஓடு கெட்டியான பாத்திரம். மூளையோ கெட்டித் தயிர் மாதிரி மெத்தென்றிருக்கும். பைக் மோதி நிற்கிறது, தலையும் நிற்கிறது. உள்ளே இருக்கும் மூளை அதே நொடியில் நிற்பதில்லை. முன்னும் பின்னும் போய் இடிக்கிறது. நெற்றிக்குப் பின்னாலும், இரண்டு பக்கமும் காதுக்கு நேர் உள்ளேயும் இருக்கும் பகுதிகள்தான் அதிகம் நசுங்குகின்றன. காரணம், அந்த இடத்தில் மண்டை ஓட்டின் உள்தளம் வழவழப்பாக இல்லை, கரடுமுரடு.

அந்தப் பகுதிகளுக்கு என்ன வேலை தெரியுமா? கோபம் வந்தால் அடக்குவது. அவசரப்படாமல் யோசிப்பது. காலையில் எழுந்து 'இன்னிக்கு இதைச் செய்வோம்' என்று ஒரு வேலையைத் தொடங்க வைப்பது. பயத்தை அதனதன் அளவில் வைத்திருப்பது. அப்படிப்பட்ட இடத்தில் அடிபட்ட ஒருவரைப் பார்த்து, "மனசைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கப்பா" என்று உபதேசம் செய்கிறோம். கால் ஒடிந்தவரை "கொஞ்சம் ஓடிப் பாரேன்" என்பது மாதிரிதான் இதுவும்.

"ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்களே?" என்பீர்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கட்டையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். உயிரைக் காப்பாற்ற அதுதான் முக்கியம். மூளைக்குள் ஓடும் மெல்லிய நரம்பு இழைகள் முறுக்கிக்கொண்டு அறுந்து போவதை அது பெரும்பாலும் காட்டாது. தோட்டத்தில் மோட்டார் நன்றாக இருக்கும், ஸ்விட்சும் சரி, நடுவில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். அந்த மாதிரி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. தான் மாறிப்போனதே அடிபட்டவருக்கு ஆரம்பத்தில் தெரியாமல் இருக்கலாம். மூடி மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். 'நான் எப்படி இருக்கிறேன்' என்று பார்த்துக்கொள்ளும் வேலையையும் மூளைதான் செய்யவேண்டும். அந்த இடமே அடிபட்டிருக்கிறது. அதனால்தான் ரிவ்யூவுக்குப் போனால், "நல்லா இருக்கேன் டாக்டர்!" என்று பளிச்சென்று சொல்வார். டாக்டரும் வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பாரா, இவரைத் துருவிக் கேட்பாரா? அடுத்த சீட்டு.

மூளை தேறத் தேற, நிலைமை புரிய ஆரம்பிக்கும். கணக்குத் தப்புகிறது, கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், சம்பளம் போய்விட்டது, பெண்டாட்டி நகையை அடகு வைத்துக் குடும்பம் ஓட்டுகிறாள். இதெல்லாம் உறைக்கும் நேரத்தில்தான் பலருக்கு மனச்சோர்வு வந்து உட்காருகிறது. "அப்பவே வரலியே, இப்ப என்ன புதுசா?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் ஹார்பர்வியூ மருத்துவமனையில் மூளைக் காயத்துக்காகச் சேர்ந்த 559 பேரை ஒரு வருடம் விடாமல் கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் 53 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கடுமையான மனச்சோர்வு வந்திருந்தது. இரண்டு பேரில் ஒருவர்! மனச்சோர்வு வந்தவர்களில் 60 சதவிகிதம் பேருக்குப் பதற்ற நோயும் கூடவே இருந்தது; வராதவர்களில் அது 7 சதவிகிதம்தான். இன்னொரு விஷயம்தான் என்னை உறுத்துகிறது. மனச்சோர்வு வந்தவர்களில் 44 சதவிகிதம் பேருக்கு மட்டும்தான் அதற்கு சிகிச்சை கிடைத்தது. அவ்வளவு வசதியுள்ள ஊரிலேயே அப்படியென்றால், நம்ம வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் நான் கணக்குச் சொல்லவேண்டியதில்லை.

தலையில் லேசாக அடிபட்ட எல்லோரும் பயந்துகொள்ள வேண்டாம். லேசான அடி என்றால் பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கு, ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு அடிபட்டவர்களுடையது.

48 மணி நேரம்... அப்புறம்?

குறை மட்டுமே சொன்னால் அது நியாயமில்லை. உயிரைக் காப்பாற்றும் விஷயத்தில் தமிழ்நாடு நிறையவே செய்திருக்கிறது. 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கினார்கள். விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக்கூடாது. அருமையான திட்டம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. முன்பு மனசு சரியில்லை என்றால் சேலத்துக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏறவேண்டிய நிலை. இன்று மாவட்டத்துக்குள்ளேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆனால் அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் 48 வாரத்தை யார் பார்ப்பது? நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டர் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்துவிட்டார். அவர் வேலை முடிந்தது. மனநல டாக்டருக்கு இப்படி ஒரு நோயாளி இருப்பதே தெரியாது. இரண்டு பேரும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தும், நடுவில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க ஆளில்லை. தையல் பிரிக்கும் தேதி டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. மாத்திரை வேளை இருக்கிறது. மனசைப் பரிசோதிக்கும் தேதி ஏன் இல்லை? ஒன்றாவது மாதம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், ஒரு வருடம் என்று நாலு தேதி எழுதினால் எத்தனை செலவாகும்? பேனா மைதான்!

மலைமேல் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். அங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். கச்சிராயபாளையம் வழியாக இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்கு வந்தவருக்கும் போச்சு. "மூணு மாசம் ரெஸ்ட் எடுங்க" என்று டாக்டர் சொல்வது மாதச் சம்பளக்காரருக்குச் சரி. மரவள்ளிக்காட்டில் வேலை செய்கிறவருக்கு ரெஸ்ட் என்றால் பட்டினி என்று அர்த்தம். கல்வராயன் மலை மக்களின் சாலை, மருத்துவ வசதிகளைப் பற்றி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயம்

தலைக்காயத்துக்குப் பிறகு ஃபிட்ஸ் வராமல் இருக்க மாத்திரை தருவார்கள். அதில் அதிகம் பயன்படுவது லெவெட்டிரசிட்டாம். நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு அதுவே எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பிவிடும். மாத்திரை தொடங்கிய பிறகு கோபம் அதிகமானதா என்று கவனித்து, டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை மாற்றித் தர வழியிருக்கிறது. தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் வந்துவிடும்.

இன்னொன்று, "தூக்கம் வரலே"ன்னு மெடிக்கல் ஷாப்பில் அல்பிரசோலம் மாதிரி மாத்திரை வாங்கி விழுங்குவது. அடிபட்ட மூளைக்கு இது மந்தத்தையும் மறதியையும் தடுமாற்றத்தையும் இன்னும் கூட்டும். பழக்கமும் ஆகிவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரைகளிலும் சில வகை ஃபிட்ஸைத் தூண்டக்கூடியவை. அதனால் 'தலையில் அடிபட்டவர்' என்பதை எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வரியிலேயே சொல்லவேண்டும். குடிப்பழக்கம் இருந்தால், அடிபட்ட பிறகு ஒரு சொட்டும் கூடாது. "ஒரு குவார்ட்டர் போட்டா தூக்கம் வரும்" என்பவர் நண்பரே இல்லை.

மாத்திரை ஒன்றே எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். தலைக்காயத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த 62 பேருக்கு செர்ட்ராலின் மாத்திரையையும் வெறும் மாவு மாத்திரையையும் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2017-ல் வந்தது. 12 வாரத்தில் இரண்டு பக்கமும் முன்னேற்றம் தெரிந்தது; பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் மாத்திரையே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். யாருக்கு எது பொருந்தும் என்பது டாக்டர் வேலை. ஆனால் அதோடு தொடர்ந்து கவனிப்பு, பேசிப் புரியவைக்கும் கவுன்சலிங், நேரத்துக்குத் தூக்கம், ஒரே சமயத்தில் ஒரே வேலை, டி.வி. சத்தத்தைக் குறைப்பது, வேலைக்குப் போவதென்றால் முதலில் அரை நாள் மட்டும் போவது... இவையும் சேர்ந்ததுதான் வைத்தியம்.

கவனிப்பது பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா. பகலில் வேலை, ராத்திரியில் காவல், நடுவில் திட்டு. அவளுக்கும் ஒருநாள் மனசு உடையும். மாமியார், நாத்தனார், கொழுந்தனார் என்று யாராவது வாரத்தில் ஒரு நாள் முறை வைத்து, "நீ போய் உங்க அம்மா வீட்ல இருந்துட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால் அதுவே பாதி மருந்து.

இரண்டு பேப்பர் விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். விபத்து நஷ்டஈட்டு வழக்கில் கை, கால் ஊனத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதுதான் முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. அதை நிரூபிக்க மனநல டாக்டரின் சீட்டும் கையில் வேண்டாமா? சமரசத்தில் கையெழுத்துப் போடும் முன் அதை வாங்கி வையுங்கள். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரவேண்டும். ஆனால் 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் மூளைக் காயம் என்று தனியாக ஒரு பெயர் இல்லை. இதை மாற்றச் சொல்லி யாராவது குரல் கொடுக்கவேண்டும்.

"நான் இருந்து என்ன பிரயோஜனம்?" "நீங்களெல்லாம் நிம்மதியா இருப்பீங்க..." இப்படி ஒரு பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டென்மார்க்கில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தலைக்காயத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. பெரும்பாலானவர்கள் அந்த முடிவுக்குப் போவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிகிறது. ஆனாலும் அப்படிப் பேசுகிறவரைத் தனியாக விடக்கூடாது. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். மலையிலிருந்து இறங்க முடியாதவருக்கும் சிக்னல் கிடைக்கும் இடம் வரை நடந்தால் போதும்.

எனக்கு ஓர் ஆசை. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பி.பி. கருவியோடும் சர்க்கரை மாத்திரையோடும் வீடு தேடி வருகிறார்களே, அந்த ஊழியர்கள் தலைக்காயம் பட்டவர் இருக்கும் வீட்டில் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக உட்காரவேண்டும். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் இரண்டே கேள்விகள் இருக்கின்றன. 'கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா?' ஒன்று. 'மனசு சோர்ந்து, நம்பிக்கை இழந்த மாதிரி இருந்ததா?' இன்னொன்று. அடிபட்டவரிடம் கேட்டுவிட்டு, அவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னதும் எழுந்துவிடாமல், அடுப்படியில் நிற்கும் அவர் மனைவியிடமும் அதையே ஒருமுறை கேட்கவேண்டும். 'பாதி நாளுக்கு மேல அப்படித்தான் இருக்காரு' என்று அவள் சொன்னால் நோட்டில் ஒரு டிக், கள்ளக்குறிச்சி மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு. அவர்கள் வரும்வரை காத்திருக்காமல், இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்தக் கேள்விகளை நீங்களே உங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.